உங்களுக்குத் தெரியுமா? உண்டியல் குலுக்கும் கலை

‘சேவ் த சில்ரன்’ அமைப்புக்கு வந்த முதல் நன்கொடை யாருடையது தெரியுமா? அதன் நிறுவனர் மீது வழக்கு நடத்திய அரசு வக்கீலுடையது! 1919-ல் லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் எக்லன்டைன் ஜெப் என்ற பெண்மணி துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார். போரில் தோற்ற ஆஸ்திரியாவில் பசியால் சூம்பிப்போன ஒரு குழந்தையின் படம் அதில் இருந்தது. தணிக்கை அனுமதி வாங்காமல் அச்சிட்ட குற்றத்துக்குக் கைது. 5 பவுண்டு அபராதம். எதிர்த்து வாதாடிய சர் ஆர்ச்சிபால்டு போட்கின், தீர்ப்பு வந்ததும் தன் பையிலிருந்து 5 பவுண்டை எடுத்து ஜெப்பிடம் நீட்டினார். எதிரி நாட்டுப் பிள்ளைக்காக எதிர்க்கட்சி வக்கீலையே பணம் எடுக்க வைத்த நோட்டீஸ் அது.

ஜெப் அதோடு நிற்கவில்லை. செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். ரஷ்யப் பஞ்சத்தைப் படம்பிடித்து வரச் செய்து திரையரங்குகளில் காட்டினார். ‘தர்மத்துக்கு விளம்பரமா?’ என்று இன்றும் நம்மில் பலர் கேட்கிறோம். நூறு வருடப் பழைய கேள்வி அது.

*

ஒரு புத்தகம் எத்தனை பிரதி அச்சிட்டால் உலகம் அசையும்? ஆன்றி துனான் அச்சிட்டது 1,600. சோல்ஃபெரினோ போர்க்களத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த காயம்பட்டவர்களைப் பார்த்துவிட்டு வந்து 1862-ல் எழுதினார். சொந்தக் காசில் அச்சடித்தார், கடைக்கு அனுப்பவில்லை. ஐரோப்பாவின் அரச குடும்பங்கள், அமைச்சர்கள், தளபதிகள் என்று ஆள் பார்த்து அனுப்பினார். மறு வருடமே ஜெனீவாவில் ஐந்து பேர் கூடினார்கள். அந்தக் குழுதான் செஞ்சிலுவைச் சங்கமாக வளர்ந்தது. 1901-ல் முதன்முதலாக அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்தபோது வாங்கிய இருவரில் துனானும் ஒருவர்.

“எங்கள் பக்கத்துக்கு ஐம்பதாயிரம் ஃபாலோயர் சார்” என்று சொல்லும் அமைப்புகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்த ஐம்பதாயிரத்தில் உங்கள் மாவட்ட கலெக்டர் இருக்கிறாரா?

*

உலக இயற்கை நிதியம் பாண்டாவைச் சின்னமாக எடுத்ததற்கு அழகும் அழிவு அபாயமும் மட்டும் காரணமல்ல. கறுப்பு வெள்ளை விலங்கு என்பதால் அச்சுச் செலவு குறைவு! 1961-ல் அந்த அமைப்பு தொடங்கியபோது லண்டன் விலங்குக் காட்சிசாலையில் ‘சி-சி’ என்ற பாண்டா ஊரே பேசும் நட்சத்திரமாக இருந்தது. லோகோவுக்கு ஏழு வண்ணம் கேட்கும் அறக்கட்டளைச் செயலாளர்கள் கவனிக்கவும்.

*

1938-ல் அமெரிக்க வெள்ளை மாளிகைத் தபால் பிரிவு திணறிப்போனது. போலியோ ஒழிப்புக்கு ஆளுக்குப் பத்து சென்ட் நாணயம் ஒன்றை நேரே ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு அனுப்புங்கள் என்று நகைச்சுவை நடிகர் எடி கேண்டர் வானொலியில் கேட்டார். வந்து குவிந்தவை சுமார் 26,80,000 நாணயங்கள். இயக்கத்தின் பெயர் ‘மார்ச் ஆஃப் டைம்ஸ்’. அப்போது திரையரங்குகளில் ஓடிய ‘மார்ச் ஆஃப் டைம்’ என்ற செய்திப்படத்தின் பெயரை வைத்துச் செய்த சிலேடை. (தமிழில் எழுதினால் சிலேடை இன்னும் கச்சிதமாகிவிடுகிறது!) ரூஸ்வெல்ட்டும் போலியோ என்று கண்டறியப்பட்டுக் கால்கள் செயலிழந்தவர். அவர் மறைந்த மறு வருடம், 1946-ல், அதே பத்து சென்ட் நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்தார்கள். சால்க் தடுப்பூசி ஆய்வுக்குப் பணம் போனது இந்த இயக்கத்திலிருந்துதான்.

கேட்ட தொகை சின்னது, அனுப்ப வேண்டிய முகவரி ஒன்று. ‘தங்களால் இயன்றதைத் தாரீர்’ என்று கேட்டிருந்தால் இவ்வளவு வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். இயன்றது எவ்வளவு என்று யோசிக்க ஆரம்பித்தவர் நாளை பார்க்கலாம் என்று எழுந்து போய்விடுவார்.

நம் ஊரிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. பள்ளியில் டிசம்பர் 7 அன்று சட்டையில் குத்திக்கொண்ட கொடி நினைவிருக்கிறதா? 1949 முதல் கொண்டாடும் கொடிநாள்தான் அது. கொடுத்தவர் நெஞ்சில் இருக்கும் கொடி, கொடுக்காதவரைப் பார்த்து ‘நீ?’ என்று கேட்கும். முகப்புப் படத்தில் ஃபிரேம் மாட்டும் இந்தக் காலத்து வேலையைக் குண்டூசி அன்றே செய்தது.

*

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் துணைக்கு வந்தவர்களும் ஒரு சோதனை செய்து 2007-ல் வெளியிட்டார்கள். ஒரு கேள்வித்தாளை நிரப்பியவர்களுக்கு 5 டாலர் கூலி கொடுத்து, அதிலிருந்து விருப்பப்பட்டதை ஆப்பிரிக்கப் பட்டினிக்குக் கொடுக்கலாம் என்று ஒரு கடிதத்தையும் நீட்டினார்கள். சிலருக்கு வந்த கடிதத்தில் லட்சக்கணக்கில் பட்டினி கிடப்போர் பற்றிய புள்ளிவிவரம். சிலருக்கு மாலி நாட்டின் ஏழு வயதுச் சிறுமி ரொக்கியாவின் கதையும் படமும். புள்ளிவிவரம் பார்த்தவர்கள் சராசரியாகக் கொடுத்தது 1.14 டாலர். ரொக்கியாவைப் பார்த்தவர்கள் கொடுத்தது 2.38 டாலர்.

வேடிக்கை இனிமேல்தான். மூன்றாவது குழுவுக்கு ரொக்கியாவின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தொகை கூடியிருக்க வேண்டுமே? 1.43 டாலருக்கு இறங்கிவிட்டது. எண்கள் உள்ளே வந்ததும் மனசு கணக்குப் போட உட்கார்ந்துவிட்டது. ஆண்டறிக்கையை அப்படியே ஃபேஸ்புக்கில் ஏற்றுகிறவர்கள் இந்த ஒரு எண்ணை மட்டும் மேஜை மேல் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

*

அப்படியானால் ஒரு முகத்தைக் காட்டிவிட்டால் போதுமா? அங்கேதான் கத்தி இருபுறமும் வெட்டும்.

விக்டோரியா ராணி காலத்து லண்டனில் தெருப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய தாமஸ் பர்னார்டோ, ‘முன்’, ‘பின்’ என்று ஜோடிப் படங்கள் எடுத்து அட்டைகளாக விற்றார். முன் படத்தில் கந்தல், அழுக்கு, பரட்டைத் தலை. பின் படத்தில் சுத்தமான உடை, கையில் வேலை. பணம் நன்றாகவே வந்தது. 1877-ல் விசாரணை ஒன்று வந்தபோதுதான் சில படங்களில் பிள்ளைகளைக் கந்தலாக வேஷம் கட்டி நிறுத்தியது வெளியானது. பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து பர்னார்டோ தப்பினார். படங்களுக்காக மட்டும் குட்டு வாங்கினார்.

பணத்தைக் கையாடிய மனிதரல்ல அவர். உண்மையிலேயே பிள்ளைகளைக் காப்பாற்றியவர். நல்ல காரியம் செய்கிறவருக்குத்தான் ‘கொஞ்சம் கூட்டிக் காட்டினால் என்ன?’ என்ற சபலம் சீக்கிரம் வரும்.

2012-ல் நார்வே மாணவர்கள் இந்தச் சபலத்தை ஒரு பாட்டு வீடியோவில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆப்பிரிக்கர்கள் ஒன்று சேர்ந்து, குளிரில் நடுங்கும் பாவப்பட்ட நார்வேக்காரர்களுக்கு அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களை நன்கொடையாக அனுப்புவதாகக் கதை. ‘ரேடி-எய்ட்’ என்று பெயர். பிறகு வருடந்தோறும் மோசமான உதவி விளம்பரத்துக்குத் ‘துருப்பிடித்த ரேடியேட்டர்’ விருதும் கொடுத்தார்கள்.

நம் பக்கம் வருவோம். பிறந்தநாளைக்கு ஆதரவற்றோர் இல்லத்தில் சாப்பாடு போடுவது நல்ல வழக்கம். சாம்பார் வாளியைப் பிடித்தபடி பிள்ளைகளுக்கு நடுவே நின்று படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது? கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சமே வராதபடி ‘உபயம்’ எழுதி வைப்பார்களே, அந்த நினைப்புத்தான் எனக்கு வரும். ட்யூப்லைட்டுக்காவது கூச்சம் கிடையாது.

சட்டமும் இருக்கிறது. 2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை தொடர்பான விசாரணை, நடைமுறை பற்றிய எந்த ஊடகச் செய்தியிலும் அந்தக் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டும் வேறு விவரம், படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பலர் குழந்தைகள் நலக் குழு வழியாக வந்தவர்கள். ஆகவே கேக்கைப் படம் எடுங்கள், இலையைப் படம் எடுங்கள். பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

*

2014-ல் தலையில் பனிக்கட்டித் தண்ணீரை ஊற்றிக்கொண்ட வீடியோக்கள் ஃபேஸ்புக்கில் மட்டும் 1.7 கோடிக்கு மேல். ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காக அமெரிக்க சங்கம் ஒன்று திரட்டியது 11.5 கோடி டாலர். இந்த யோசனை சங்கத்தின் அலுவலகத்தில் பிறந்ததல்ல. நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் நண்பர்களும் பரப்பியது. சங்கம் செய்த ஒரே சொதப்பல், ‘ஐஸ் பக்கெட் சேலஞ்ச்’ என்ற பெயரைத் தன் பெயரில் பதிவு செய்யப் போனது. ஊர் கொதித்ததும் சில நாளில் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2016-ல் அந்தப் பணத்தில் நடந்த ஆய்வு, நோயோடு தொடர்புடைய ‘நெக்1’ என்ற மரபணுவை அடையாளம் காட்ட உதவியது. ஊற்றிய தண்ணீர் வீணாகவில்லை.

அதே ஆகஸ்டில் ஐதராபாத் பத்திரிகையாளர் ஒருவர் யோசித்தார். தண்ணீர் பஞ்சத்தில் வாடும் ஊரில் தலையில் கொட்ட வாளித் தண்ணீரா? தண்ணீருக்குப் பதில் அரிசி. கொட்டுவதற்குப் பதில் பசித்தவருக்குக் கொடுப்பது. ‘ரைஸ் பக்கெட் சேலஞ்ச்’ பிறந்தது இப்படித்தான். வெளியூர்ச் சரக்கை நம் அடுப்புக்கு ஏற்றபடி மாற்றுவது என்றால் இதுதான்.

*

2012 மார்ச்சில் ‘கோனி 2012’ என்ற அரை மணி நேர வீடியோ ஆறே நாளில் 10 கோடிப் பார்வையைத் தொட்டது. உகாண்டாவில் குழந்தைகளைக் கடத்திப் படையில் சேர்த்த ஜோசப் கோனியைப் பிடிக்க வேண்டும் என்பது ‘இன்விசிபிள் சில்ரன்’ அமைப்பின் கோரிக்கை. ஏப்ரல் 20 அன்று இரவு உலக நகரங்களெங்கும் சுவரொட்டி ஒட்டுவோம் என்று அழைத்தார்கள். பல நகரங்களில் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எளிமைப்படுத்திவிட்டார்கள் என்று உகாண்டாவிலிருந்தே விமர்சனம் வந்தது. கோனி பிடிபடவே இல்லை.

அடுத்த வருடம் யுனிசெஃப் ஸ்வீடன் முகத்திலடித்தாற்போல் ஒரு விளம்பரம் போட்டது. எங்களுக்கு லைக் போடுங்கள், நாங்கள் போலியோவிலிருந்து காப்பாற்றப்போகும் குழந்தைகள் சைபர் பேர் என்பது அதன் சாரம். லைக்கால் ஊசி வாங்க முடியாது, காசு கொடுங்கள்!

*

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ட்விட்டர் கணக்கில் 2011 பிப்ரவரி ராத்திரி ஒன்றில், பீர் கிடைத்துவிட்டது, இனி கொண்டாட்டம்தான் என்ற ரீதியில் ஒரு பதிவு விழுந்தது. ஊழியர் ஒருவர் சொந்தக் கணக்கு என்று நினைத்து மாற்றிப் போட்டுவிட்டார். சங்கம் பதிவை நீக்கியது. ஆனால் மூடி மறைக்கவில்லை. செஞ்சிலுவை நிதானமாகத்தான் இருக்கிறது, சாவியைப் பிடுங்கிவிட்டோம் என்று சிரித்துக்கொண்டே பதில் போட்டது. அந்த பீர் கம்பெனியே செஞ்சிலுவைக்கு நன்கொடை கேட்டுத் தன் ரசிகர்களை அழைத்தது. நம் ஊர் அமைப்பாக இருந்தால் ‘ஹேக் செய்துவிட்டார்கள்’ என்று சொல்லியிருக்கும்.

*

நியூயார்க்கில் 2006-ல் ஸ்காட் ஹாரிசன் தன் பிறந்தநாள் விருந்துக்கு வந்தவர்களிடம் ஆளுக்கு 20 டாலர் வாங்கினார். வசூலை உகாண்டாவில் அகதிகள் முகாமில் கிணறுகளுக்குச் செலவழித்தார். இதுவரை யாரும் செய்வது. கிணற்றின் படத்தையும் அது இருக்கும் இடத்தையும், 20 டாலர் கொடுத்த ஒவ்வொருவருக்கும் திருப்பி அனுப்பினார். ‘சேரிட்டி: வாட்டர்’ வளர்ந்த ரகசியம் இதுதான் என்பது என் கட்சி. பேர், ஊர், தொகை எல்லாம் பதிந்து, காலம் கழித்தும் திருப்பிச் செய்யும் மொய் நோட்டு மரபில் வந்த நமக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. ஆனால் நம் அறக்கட்டளைகள் பலவற்றில் ரசீதோடு உறவு முடிந்துவிடுகிறது. அடுத்த கடிதம் அடுத்த வருட வசூலுக்குத்தான் வரும்.

அதே அமைப்பு 2010-ல் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் கிணறு தோண்டுவதை நேரலையில் காட்டப்போய், தண்ணீர் வராமல் தோற்றது. தோற்றதையும் வீடியோவாக வெளியிட்டது. கனடாவின் ‘எல்லைகளற்ற பொறியாளர்கள்’ அமைப்பு ஒரு படி மேலே போய், 2008 முதல் ‘தோல்வி அறிக்கை’ என்றே அச்சிட ஆரம்பித்தது.

*

‘புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ இந்தக் கேள்வி 2000-களின் தொடக்கத்தில் பஸ்ஸிலும் சுவரிலும் டி.வி.யிலும் நம்மைத் துரத்தியது. யார் இந்தப் புள்ளி ராஜா என்று டீக்கடை முழுக்க விவாதம். கேட்டது எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரசாரம் ஒன்று. வாயைத் திறந்து சொல்லக் கூசிய சொல்லை வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவர ஒரு கற்பனை ஆள் போதுமாக இருந்தது. நிஜ நோயாளி எவர் முகத்தையும் காட்ட வேண்டியிருக்கவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

போலியோ சொட்டு மருந்துக்கு அமிதாப் பச்சன் முதலில் பணிவாகத்தான் கேட்டுப் பார்த்தார். கூட்டம் வரவில்லை. விளம்பரப் படைப்பாளி பியூஷ் பாண்டே, பழைய ‘கோபக்கார இளைஞனை’ வெளியே எடுத்தார். அமிதாப் திட்டினார், தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் தாக்கிய இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில். போலியோ இல்லா நாடு என்ற சான்றிதழ் 2014 மார்ச் 27-ல். திட்டியது மட்டும் காரணமல்ல, வீடு வீடாக நடந்த கால்களுக்கே முதல் மரியாதை.

அந்தக் கால்களின் பலத்தை மதுரையில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைப் பகுதிக் கிராமங்களில், கண்புரை அறுவைக்கு மக்களை வரவழைக்க எது உதவுகிறது என்று பல வழிகளைச் சோதித்த ஆய்வு 1991-ல் வெளியானது. நன்றாக வேலை செய்தவை இரண்டு. ஒன்று, சாப்பாடு, பயணம் உட்பட முழுச் செலவையும் ஏற்பது. இன்னொன்று, ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட ஒருவர் வீட்டுக்கு வந்து பேசுவது. “எனக்குச் செஞ்சாங்க, இப்ப தெரியுது, நீயும் வா” என்று பக்கத்து ஊர்ப் பெரியவர் சொல்வதற்கு ஈடான ரீல்ஸ் இன்னும் எடுக்கப்படவில்லை.

*

மடமடவென்று சில காசு விஷயங்கள். தகுதி பெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு கூகுள் மாதம் 10,000 டாலர் மதிப்புக்குத் தேடல் விளம்பரம் இலவசமாகத் தருகிறது. இந்தியாவிலும் உண்டு, 2003-ல் தொடங்கிய திட்டம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை கொடுத்தால் வருமான வரிக் கழிவு கிடையாது. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-ல் சட்டம் இறுக்கிவிட்டது, முன்பு 50. வருடந்தோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை நாடெங்கும் ‘தான் உத்சவ்’ என்ற கொடை வாரம், 2009-லிருந்து நடக்கிறது.

*

வாட்ஸப்பில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் தள்ள முடியாது என்ற கட்டுப்பாடு முதலில் வந்தது இந்தியாவில்தான், 2018-ல். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தியால் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட வருடம் அது.

நல்ல எண்ணத்தில் போகும் ஃபார்வேர்டும் தப்பவில்லை. ‘அவசரம்: ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை’ என்று வந்ததை நம்பி ஒரு முறை கூப்பிட்டேன். எடுத்தவர் அலுத்துப்போன குரலில், “அது போன வருஷம் சார், எங்கப்பா வீட்டுக்கு வந்து ஆறு மாசமாச்சு” என்றார். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும் இதே கதைதான். ஹேஷ்டேக் போட்டு, விரிதாளில் முகவரி சேர்த்து, படகும் சாப்பாடும் அனுப்பி முகம் தெரியாத இளைஞர்கள் செய்த வேலை மகத்தானது. அவர்களைப் படுத்தியது, மீட்கப்பட்டவர்களைக் காப்பாற்றச் சொல்லி மறுபடி மறுபடி சுற்றிய பழைய செய்திகள். தேதி, நேரம், ‘முடிந்துவிட்டது’ என்ற குறிப்பு மூன்றும் இல்லாத உதவிச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

*

இந்தியாவின் முதல் சமுதாய வானொலி சென்னையில், அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று பேசத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி 2006-ல் வந்தது. 2008-ல் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ, இன்றைய தெலங்கானாவில். 2016 முதல் பாம்பனில் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை’, 90.4-ல்.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1998 வாக்கில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் திறந்தது. மீனவர் ஊர்களில் அமெரிக்கக் கடற்படை இணையத்தளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை இறக்கி, ஒலிபெருக்கியில் தினமும் தமிழில் சொன்னார்கள். இன்று கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பது அந்தக் குழாயைக் கேட்டே முடிவானது.

2004 டிசம்பர் 26 காலை. நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். சுனாமிச் செய்தி கேட்டதும் ஊருக்குப் போன் போட்டார். சேதி பரவ, ஊர்க்காரர்கள் தகவல் மையத்தின் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய் மைக்கைப் பிடித்தார்கள். வழக்கமாக அலை உயரம் சொல்லும் அதே குழாய், ‘ஓடுங்கள்’ என்றது. ஐந்நூறு குடும்பங்கள் அந்தக் குரலை நம்பி ஓடின. நல்லவாட்டில் வீடுகளும் படகுகளும் போயின. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.